தேரடிக்கு வந்துட்டேன்

செங்கல்பட்டு தாண்டிட்டேன்னு இப்ப போன்ல சொன்னீங்களே தம்பி, யாருகிட்ட? வீட்டுக்காரம்மாவா? இல்ல, சும்மா கேட்டேன். வண்டி இன்னும் கிளாம்பாக்கம் ஸ்டாண்டுக்குள்ளயேதான் நிக்குது. டிரைவர் அந்தா டீக்கடையில நிக்காரு. தப்பா எடுத்துக்கிடாதீங்க, பக்கத்துல உக்காந்தா காதுல விழத்தான செய்யும்.

மூக்கைப் பொத்திக்கிடணும்னா பொத்திக்கிடுங்க. நாத்தம் என் பையில இருந்துதான் வருது. கருவாடு. முன்னாலதான் எனக்கு சீட்டு போட்டிருந்துச்சு. பக்கத்துல இருந்த அம்மா குமட்டுதுன்னு சொல்லவும், கண்டக்டர் வந்து பெரியவரே பின்னால போயிருங்கன்னுட்டாரு. சரின்னு வந்துட்டேன். வேண்டாம் தம்பி, மேல வைக்க வேண்டாம். கருவாடு காலுக்குக் கீழ கெடக்கட்டும். இந்த இன்னொரு பை மடியிலயே இருக்கட்டும். இதுல இருக்கது சேலை.

என் பேரு கொம்பையா. கோவில்பட்டியில லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கேன். தீப்பெட்டி லோடு நாக்பூர், இந்தூர், கான்பூர்னு போகும். எந்த டிரைவர் எங்க நின்னு போன் பண்ணாலும் உக்காந்த எடத்துல இருந்தே வழி சொல்லுவேன். அங்க பாலம் வேலை நடக்கு, ஊருக்குள்ள போகாத, இடது பக்கமா ஒடிச்சுப் போன்னு சொல்லுவேன். அந்த ஊருக்கெல்லாம் நான் போனதில்ல. ஆனா தெரியும். அப்பேர்ப்பட்ட ஆளை இந்த மெட்ராஸ் இன்னைக்கு என்ன பாடு படுத்திருச்சு தெரியுமா?

என் தங்கச்சி நேத்து மத்தியானம் செத்துப்போனா தம்பி.

உலகம்மாள்னு பேரு. நான் உலகுன்னுதான் கூப்பிடுவேன். திருவொத்தியூர்ல, தேரடிக்குப் பக்கத்துல வீடு. அடுப்புல சோறு கொதிக்கையில நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாளாம். உக்காந்தவ எந்திரிக்கல.

உங்க பக்கம் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்க பக்கம் கட்டிக்கொடுத்த பொண்ணு செத்தா பிறந்த வீட்டுக் கோடி வரணும். கோடின்னா புதுச் சேலை. கூடப்பிறந்தவன் கையால கொண்டுவந்து அவ மேல போத்தணும். மத்தவங்க மாலை, துணி எல்லாம் அதுக்கப்புறம்தான். புருசன் இருக்கப் போனவளுக்கு அரக்குச் சேலையும் மஞ்சளும் பூவும். அது விழாம தூக்கினா அவ நாதியத்தவன்னு ஆயிரும். பிறந்த வீட்டுல ஒரு நாய் கூட இல்லையான்னு கேப்பாக.

சண்முகவேல் மச்சான், அவ புருசன், போன்ல அழுதாரு. உச்சிக்கு முன்னால தூக்கணும், மின் மயானத்துல அந்த நேரம்தான் கெடைச்சிருக்கு, நீங்க இறங்குற எடத்துக்குப் பிரசன்னாவை அனுப்புறேன்னாரு. பிரசன்னா அவுக மகன், என் மருமகன். நான் வேண்டாம்னுட்டேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளையை வழிகாட்ட வாடான்னா கூப்பிடுறது? அதோட, கூடப்பிறந்த அண்ணனுக்குத் தங்கச்சி வீட்டுக்கு வழி தெரியலன்னா அந்த வீட்டு மனுசங்க என்ன நினைப்பாக? எனக்கு வழி தெரியாதா மச்சான்னு கேட்டேன். அவரு போனை வச்சுட்டாரு.

போயிருக்கேன் தம்பி. போகாதவன் இல்ல. வீடு பால் காய்ச்சினப்ப போயிருக்கேன். பிரசன்னா அப்ப கைப்பிள்ளை. பிறந்த வீட்டு விளக்குதான் முதல்ல உள்ள போகணும், அதான முறை? மச்சானோட அக்கா ஒருத்தி உண்டு. அவ தன் விளக்கை ஏந்திக்கிட்டு எனக்கு முன்னால வாசப்படி ஏறிட்டா. அவளை ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. நான் கொண்டுபோன விளக்கை வாசல்லயே வச்சுட்டு, கை நனைக்காம திரும்பிட்டேன். உலகு தெருமுனை வரைக்கும் ஓடி வந்தா. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தா. நான் திரும்பல. அன்னையிலிருந்து அந்த வாசலை மிதிக்கல. மானம்னு ஒண்ணு இருக்குல்ல.

அதுக்காக உறவு விட்டுப்போச்சுன்னு நினைச்சுறாதீங்க. நல்லா இருந்தோம். வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் பொங்கலுக்கு அவ வந்துருவா. எனக்கு நெத்திலிக் கருவாடுன்னா உசிருன்னு அவளுக்குத் தெரியும். காசிமேட்டுல மீன் வாங்கி, அவளே காயவச்சு, பை நிறையக் கொண்டுவருவா. என் வீட்டுக்காரி பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டிட்டு வருவா. இந்தத் தடவ எந்த சீட்டு உலகுன்னு கேப்பா. கடைசி சீட்டுதான் மதினி, உங்க வீட்டுக்காரர் கருவாட்டுக்கு எவன் முன்னால சீட்டு குடுப்பான், தூக்கித் தூக்கிப் போட்டதுல இடுப்பு கழண்டுபோச்சும்பா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வருவாக.

எங்க வீட்டுக்கு ஒரு நடை வாண்ணே, தேரடியில இறங்கினேன்னு வச்சுக்கோ, அங்க இருந்துன்னு வழி சொல்ல ஆரம்பிப்பா. ஊரு ஊரா லாரி அனுப்புறவனுக்கு இவ வழி சொல்ல வந்துட்டான்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன். கேலிக்குத்தான். அவளும் சிரிப்பா.

சரி, விசயத்துக்கு வாரேன். காலையில பஸ்ஸு நிக்குது, எல்லாரும் இறங்குறாக. நான் உக்காந்திருக்கேன். கோயம்பேடு வரட்டும்னு உக்காந்திருக்கேன். பெரியவரே, இதான் கடைசி, இறங்குங்கன்னாரு கண்டக்டர். பாத்தா இந்தக் கிளாம்பாக்கம். ஊருக்கு வெளிய கொண்டுவந்து ஸ்டாண்டைக் கட்டிவச்சுட்டு, இதுதான் மெட்ராஸ்னா எப்படி? அந்நேரம் பிரசன்னா போன் பண்ணினான். மாமா, எங்க இருக்கீங்க, பைக் எடுத்துட்டு வரவா? நான் சொன்னேன், வேண்டாம்ப்பா, தாம்பரம் தாண்டிட்டேன், நீ அம்மாவைப் பாரு. அவன் சங்கடப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன். நீங்க இப்ப வீட்டுல சொன்னீங்களே, அதுமாதிரிதான்.

டவுன் பஸ்ல வண்டலூர் மிருகக்காட்சி சாலை வழியா தாம்பரம் போனேன். ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு மின்சார ரயில் ஆளே இல்லாம நின்னுச்சு. சீட்டெல்லாம் காலி. நம்ம நல்ல நேரம்னு ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். கேக்கலாம், பக்கத்துல நின்ன பையன்கிட்ட கேட்டிருக்கலாம். ஆனா கோடி எடுத்துட்டுப் போறவனை எங்க போறன்னு அவன் திருப்பிக் கேப்பான். நல்ல நாளும் அதுவுமா காலங்காத்தால ஒருத்தன் முன்னால எழவைச் சொல்லணுமா? வண்டி கிளம்பி கொஞ்ச நேரத்துல ஜன்னலுக்கு வெளிய போர்டு வருது. வண்டலூர். காலையில பாத்த அதே வண்டலூர்.

தெக்க போற வண்டியில ஏறிட்டேன் தம்பி. பதறிப்போய் எந்திரிச்சேன். அதுக்குள்ள வண்டி நகந்துருச்சு. அடுத்த ஸ்டேஷனையும் தவறவிட்டு, கூடுவாஞ்சேரியிலதான் இறங்குனேன். அங்க நிக்கையில திரும்ப பிரசன்னா. மாமா, எங்க இருக்கீங்க? சென்ட்ரல் வந்துட்டேன்னு சொன்னேன். கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்துல நின்னுக்கிட்டு. வேற என்ன சொல்ல? வழி தெரியும்னு நேத்து மார்தட்டினவன் இன்னைக்கு எதிர்ப்பக்கம் போயிட்டேன்னு சொன்னா, அந்த விளக்குக்காரி அங்கதான உக்காந்திருப்பா? அவ காதுல விழாதா?

திரும்ப வடக்க ஏறி, ஒரு வழியா சென்ட்ரலுக்கு எதிர்ல இறங்குனேன். அங்க இருந்து மெட்ரோ ரயில்ல தேரடிக்கே போயிரலாம்னு வண்டியில ரெண்டு பேரு பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. படியில இறங்கிப் போறேன் போறேன், பூமிக்குள்ள போய்க்கிட்டே இருக்கு. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனா, பையை பெல்ட்டுல வைங்க சார்ங்குது ஒரு பொம்பளப் பிள்ளை. காக்கி மாதிரி சட்டை போட்டிருக்கு. கோடியைத் தரையில வைக்கக் கூடாது, கண்ட எடத்துல போடக் கூடாது. இது வைக்கக் கூடாதும்மான்னேன். என்ன சார் இருக்கு பையிலன்னுச்சு. சேலைம்மான்னேன். யாருக்கு சார்னு கேட்டுச்சு. தங்கச்சிக்குன்னேன்.

அந்தப் பிள்ளை மொகம் மலந்துருச்சு. கையாலயே பையைத் திறந்து பாத்துச்சு. சேலையத் தொட்டுப் பாத்து, நல்ல கலர் சார், இவ்வளவு தூரம் அண்ணன் சேலை எடுத்துட்டு வராருன்னா உங்க தங்கச்சி குடுத்துவச்சவங்க, போங்க சார்னு விட்டுருச்சு. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். தம்பி, எனக்கு அழுகை வந்தது அங்கதான். அதுவரைக்கும் ஒரு சொட்டு கண்ணீர் வரல.

அந்த நேரம் பாத்துத்தான் பிரசன்னா போன். குரலே மாறிப்போச்சு அவனுக்கு. மாமா, குளிப்பாட்டியாச்சு, எல்லாம் ரெடி, உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம், எங்க இருக்கீங்க? கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொல்லிட்டேன், தேரடிக்கு வந்துட்டேன்ப்பா. சரி மாமா, அங்கயே நில்லுங்க, கீழ்வீட்டு ஆரோக்கியம் மாமாவை அனுப்புறேன்னு வச்சுட்டான். அது பொய் இல்ல தம்பி. அடுத்த வண்டி ஏறினா தேரடிதான. அந்த ஆளு கிளம்பி வரதுக்குள்ள நான் போய் நிப்பேன்னு ஒரு கணக்கு.

ரெண்டு பக்கமும் வண்டி வருது. முதல்ல வந்ததுல ஏறிட்டேன். லாரிக்காரனுக்குச் சூரியன்தான் திசை. பூமிக்குள்ள சூரியன் ஏது? ஜன்னல்ல பாத்தா என் மூஞ்சிதான் தெரியுது. ஊர்ப் பேரை எல்லாம் சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு. தேனாம்பேட்டைங்குது, சைதாப்பேட்டைங்குது. சுத்திப் போற வண்டி போலன்னு இருந்தேன். லோடு லாரியும் சுத்திப் போறதுதான. அப்புறம் வண்டி வெளிச்சத்துக்கு வந்துச்சு. பாலத்து மேல ஓடுது. எட்டிப் பாக்கேன், தலைக்கு மேல ஒரு ஏரோப்ளேன் இறங்குது.

ரெண்டாவது தடவையும் தெக்க. அந்தத் திசை யாருக்கு உரியதுன்னு உங்களுக்கே தெரியும்.

போன் அடிக்குது, நிக்குது, திரும்ப அடிக்குது. நான் எடுக்கல. தேரடிக்கு வந்துட்டேன்னு சொன்னவன், இங்க ஏரோப்ளேன் பாத்துக்கிட்டு நிக்கேன்னா சொல்ல முடியும்? போய்ச் சேந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நினைச்சேன். எதிர் வண்டியில ஏறி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, உலகு, இந்தா வந்துட்டேன், உலகு, இந்தா வந்துட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்தேன். பாதியில போன் அடிக்கிறது நின்னுபோச்சு. அப்புறம் அடிக்கவே இல்ல.

தேரடியில இறங்கினா ஒரு ஆளும் இல்ல. வெயிலு மண்டையைப் பிளக்குது. எந்தத் தெருன்னு தெரியல. அன்னைக்கு நான் பாத்தப்ப ஓட்டுவீடா இருந்த எடமெல்லாம் இப்ப மாடியா நிக்குது. கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு தெருவுக்குள்ள திரும்பினதும் காலுக்குக் கீழ பூ.

ரோடு பூரா பூ தம்பி. ரோசாப்பூ, சாமந்தி. பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கு. வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிக் கெடக்கு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. இந்தத் தெருவுல இன்னைக்கு வேற யாரு போயிருக்கப் போறா?

ஆனா நான் நின்னது நடுத்தெருவுல. பூ இந்தப் பக்கமும் போகுது, அந்தப் பக்கமும் போகுது. ஒரு கோடியில வீடு, இன்னொரு கோடியில சுடுகாடு. எந்தப் பக்கம் எது? ஓரமா ஒரு பூக்காரம்மா உக்காந்திருந்துச்சு. பையையும் என் மூஞ்சியையும் பாத்துட்டு, எங்க போணும்பா, சாவு வூட்டுக்கான்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்லம்மான்னுட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, பழக்கத்துல வாயில வந்துருச்சு. நானா ஒரு பக்கம் பாத்து நடந்தேன். ஓடினேன்னே சொல்லலாம்.

அது வீட்டுப் பக்கம்.

வாசல்ல தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டு இருக்காக. அந்த விளக்குக்காரி, மச்சானோட அக்கா, விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டு என்னைப் பாக்கா. கிழவியாயிட்டா. ஒரு ஏச்சும் இல்ல, பேச்சும் இல்ல. இப்பதான் கொண்டுபோனாக அண்ணாச்சி, ஓடுங்க, பிடிச்சுறலாம், ஓடுங்கன்னு கையை நீட்டுதா. நான் வந்த வழியைக் காட்டுதா. வந்த பூ மேலயே திரும்ப ஓடினேன். அந்தப் பூக்காரம்மாவைத் தாண்டித்தான் ஓடினேன்.

நான் மயானத்துக்குள்ள நுழையும்போது உலையோட இரும்புக் கதவை இறக்கிட்டாக தம்பி.

திறக்க முடியாதான்னு கேட்டேன். இந்தச் சேலையை மட்டும் உள்ள போட முடியாதான்னு கேட்டேன். மயானத்து ஆளு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பிரசன்னா மொட்டை அடிச்சு நிக்கான். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். மாமா, தூக்கப் போயிட்டு உங்களுக்காகத் திரும்ப இறக்கி வச்சோம் மாமா. நீங்க எங்க இருக்கீங்கன்னு நெசத்தைச் சொல்லியிருந்தா பைக்ல வந்து அள்ளிட்டு வந்திருப்பேனே. இல்ல, சாயங்கால நேரமாவது கேட்டு வாங்கியிருப்பேனே. பக்கத்துல இருக்கேன்னு சொன்னதாலதான மாமா இருக்கிற நேரத்தை எல்லாம் காத்திருந்து விட்டோம்னான். சின்னப் பிள்ளை, துக்கத்துல பேசுறான். அண்ணங்காரன் வழி தெரியாம அலையுதான்னு அம்பலமானா அது உலகுக்குத்தான கேவலம்? அவனுக்கு அது புரியல.

கோடி யாருடா போட்டான்னு கேட்டேன். பின்னால ஒரு ஆளு நின்னாரு. கழுத்துல சிலுவை. கண்ணு சிவந்திருக்கு. அவர்தான் கீழ்வீட்டு ஆரோக்கியசாமி. துறைமுகத்துல வேலை பாத்து ஓய்வான ஆளு. அண்ணே, நீங்கதானா, தேரடியாண்ட ரொம்ப நேரம் நின்னுனு இருந்தேன் அண்ணே, வர்ற ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன்னாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு, பொறந்த வூட்டு ஆளு யாரும் இல்லியான்னு கேட்டாங்கோ. யாரும் வாய் தொறக்கல. எனக்குத் தாங்கல. ஓடிப்போய் கடையில ஒரு சேலை எடுத்தாந்து நான்தான் போத்துனேன். தப்புன்னா மன்னிச்சுக்கங்கன்னாரு.

நீ யாரு அவளுக்குன்னு கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாக. அந்தாளு கோவப்படல. அது என்னை அண்ணேன்னுதான் கூப்புடும்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து மச்சான் கையைப் பிடிச்சேன். சாப்பிடக் கூப்பிட்டாக. இறங்கல தம்பி. பால் காய்ச்சினப்பவும் கை நனைக்கல, இன்னைக்கும் நனைக்கல. கிளம்பிட்டேன். சொல்லிக்கிடாம கிளம்புறதுதான எழவு வீட்டு முறை.

அந்த ஆரோக்கியசாமிதான் வண்டியில இங்க கொண்டுவந்து விட்டாரு. வேண்டாம்னு சொல்ல உடம்புல தெம்பில்ல. வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தாரு. தங்கச்சி உங்க ஊருக்குப் போறப்ப நான்தான் தேரடியில பஸ் ஏத்திவிடுவேன் அண்ணே. பாரிஸ் கார்னர்ல பஸ் மாறும், ரயில் பிடிக்கும், தாம்பரத்துல இறங்கி உங்க ஊர் பஸ் பிடிக்கும். தலைமேல ஒரு பை, கையில ஒரு பை. ஒரு தபா கூட வழி தப்புனதில்லன்னாரு. அவளுக்கென்ன, பழக்கம். வருசா வருசம் வர்றவளுக்குப் பழகிப்போயிரும்ல.

சேலையைக் கடல்ல விட்டுரலாமா அண்ணே, கடலு இந்தா பக்கத்துலதான்னு வேற கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். இது உலகுக்கு எடுத்தது. ஆனா தம்பி, கோடிக்கு எடுத்ததை வீட்டுக்குள்ள திரும்பக் கொண்டுபோகக் கூடாது. வேற யாருக்கும் குடுக்கவும் கூடாது. விடிஞ்சா கோவில்பட்டியில இறங்கணும். இதை வச்சுக்கிட்டு நான் எங்க போறது? உங்களுக்கு ஏதாவது தோணுதா? கேக்கேன், தெரிஞ்சா சொல்லுங்க.

இந்தக் கருவாடு? இங்க இறங்கும்போது அந்த ஆரோக்கியசாமி குடுத்தாரு. பங்குனி உத்திரத்துக்குன்னு உலகு மாடியில காயவச்சது. நேத்து காலையில கூடப் புரட்டிப் போட்டுட்டு வந்துதான் சோறு பொங்க உக்காந்தாளாம். எழவு வீட்டுல இருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது, எனக்குத் தெரியும். வாங்கிக்கிட்டேன்.

டிரைவர் ஏறிட்டாரு போல. கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோங்க, இந்த சீட்டு தூக்கித் தூக்கிப் போடுமாம்.

என் போன்தான் அடிக்குது. வீட்டுக்காரியாத்தான் இருக்கும். எங்க வந்துட்டிருக்கீகன்னு கேப்பா. நீங்க எடுங்க தம்பி. வண்டி இன்னும் கிளாம்பாக்கத்தை விட்டே கிளம்பலன்னு சொல்லுங்க. ஆமா, அப்படியே சொல்லுங்க. கருவாட்டுப் பையோட கடைசி சீட்டுல உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க. அது போதும். அதுக்கு மேல அவ எதுவும் கேக்க மாட்டா.